பச்சை மூடி

வீட்டுக்குள் எலி புகுந்தால் எல்லாரும் விளக்குமாற்றைத் தேடுவார்கள். அதே எலிக்கு மரத்தூள் மெத்தை போட்டு, குப்பியில் வடிகட்டின தண்ணீர் வைத்து, திங்கட்கிழமை தவறாமல் தராசில் ஏற்றி, "என்னடா, இந்த வாரம் இளைச்சுட்ட?" என்று விசாரிக்கிற வேலை ஒரு மனிதருக்கு வாய்த்திருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தெருவில் அவர் எலிவீட்டுக்காரர். கட்டிக்கொண்ட பாவத்துக்கு மனைவி எலிவீட்டம்மா.

ஆராய்ச்சி நிலையத்தின் கடைசிக் கட்டடம்தான் எலிவீடு. ஜன்னல் கிடையாது. முதல் கதவில் செருப்பை விட்டு, இரண்டாம் கதவில் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, மூன்றாம் கதவைத் திறந்தால்தான் எலியைப் பார்க்கலாம். உள்ளே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரியும். மாலை ஆறுக்குத் தானாக அணையும். குளிரூட்டி ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும். வெளியே அனல் அடித்தாலும் வெள்ளம் போனாலும் உள்ளே ஒரே பருவம்.

"இந்த வசதி நம்ம வீட்டுல இருந்தா நான் எலியாவே இருந்துட்டுப் போறேன்" என்பாள் மனைவி. வசதிக்கு விலை என்ன என்று அவள் கேட்டதில்லை. கடைவீதியில் நாலு நாள் நின்றவனுக்குத் தெரியும், இலவசமாக நீட்டுகிற சரக்கில்தான் கை வைக்கக் கூடாது.

அந்த முறை வந்த எலிகள் அறுபது. பதினைந்து பதினைந்தாக நான்கு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு தீனி டப்பா, டப்பாவுக்கு ஒரு நிற மூடி: வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை. வெள்ளையில் இருப்பது வெறும் மாவுத் தீனி. மற்ற மூன்றிலும் அதே மாவோடு, மனுசர் தின்கிற உணவிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சரக்கு கலந்திருக்கும். என்ன சரக்கு என்பது டாக்டரம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. தீனி போட்டு எடை பார்க்கிறவனுக்கு மனசு ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

டாக்டரம்மா ஒல்லியான பெண். மருத்துவம் பார்க்கிற டாக்டர் இல்லை. எலியின் ஈரலைத் தவிர வேறு நோயாளியை அவர் தொட்டதில்லை. சந்தேகம் கேட்டால் மட்டும் உட்காரவைத்துச் சொல்வார்.

"அண்ணே, முதல் நாள் எல்லா எலிக்கும் ஒரு ஊசி போட்டோம்ல? அதை விதைன்னு வெச்சுக்குங்க. ஈரல்ல விதை விழுந்தாச்சு. ரெண்டு வாரம் கழிச்சுக் கலப்புத் தீனி ஆரம்பிக்கறோம். அந்தத் தீனி உரமா, இல்ல வெறும் மண்ணா? அதுதான் கேள்வி."

"உரமா இருந்தா?"

"வெள்ளைக் கூட்டத்தோட ஈரல்ல புள்ளி அஞ்சாறு இருக்கும். உரம் விழுந்த ஈரல்ல நிறைய இருக்கும், பெருசாவும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முளை. புத்துநோய்க்கு நாத்துன்னு வைங்களேன்."

"மூணாவது வாரம் வயித்தைக் கிழிக்கிறீங்களே, அது எதுக்கு?"

"ஈரல்ல மூணுல ரெண்டு பங்கை வெட்டி எடுக்கறோம்."

"ஐயையோ. அப்புறம் அது பிழைக்குமா?"

"பிழைக்கும். வெட்டினா வளர்ற உறுப்பு அது. ரெண்டு வாரத்துல ஏறக்குறைய பழைய எடைக்கு வந்துடும். அதுக்காகத்தான் வெட்டறதே. வளர்ற அவசரத்துல நல்லதும் வளரும், கெட்டதும் வளரும். சும்மா விட்டா வருசக்கணக்குல தெரியறது நமக்கு எட்டே வாரத்துல தெரிஞ்சுடும்."

"எட்டு வாரம் கழிச்சு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டாவது வாரம் எல்லா எலிக்கும் ஒரே முடிவு என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். செத்த எலிகளைப் போடுகிற வாளியைப் பதினெட்டு வருடமாகக் கழுவுகிறவர் எலிவீட்டுக்காரர்தானே.

பச்சை மூடியைத் திறந்த முதல் நாளே அவருக்குச் சிரிப்பு வந்தது. முகமூடியைத் தாண்டி ஒரு வாசம். ஈர விறகு புகைந்த மாதிரி, அதில் கொஞ்சம் இனிப்பு. அவர் வீட்டுத் தலையணை வாசம்.

அது எப்படியென்றால், மனைவியின் அண்ணனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. உருளைக்கிழங்கு சீவி, எண்ணெயில் பொரித்து, புகைவாசத் தூள் தூவி, பையில் அடைத்து விற்கிற கொட்டகை. வாசலில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு. உள்ளே சீவுகிற இயந்திரம் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். பொரிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் புருவம் வரை எண்ணெய் ஏறும். பொரித்ததை ஒரு உருளையில் கொட்டித் தூளைத் தூவிச் சுற்றினால், விறகையே பார்க்காத கிழங்குக்கு அடுப்படி வாசம் வந்துவிடும். பொய்தான். ஆனால் மொறுமொறுவென்ற பொய். அதை யார் வேண்டாம் என்றார்கள்?

ஒவ்வொரு உருளையிலிருந்தும் ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டு, "சரி" அல்லது "தூக்கல்" என்று சொல்வது எலிவீட்டம்மாவின் வேலை. பதினொரு வருடம். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது சீவல். "என் தங்கச்சி நாக்குல தராசு இருக்கு" என்று அண்ணன் வியாபாரிகளிடம் பெருமை அடிப்பார். கொட்டகைத் தூள் அவள் கூந்தலில் ஏறி, கூந்தலிலிருந்து தலையணைக்கு ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் இறங்குவதில்லை.

அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "இன்னிக்கு ஒரு டப்பாவைத் திறந்தேன். உன் தலை வாசம்."

"ஆமா, என்னை எலித் தீனின்னு சொல்றதுதான் மிச்சம். அதையும் சொல்லிட்டீங்க."

"தீனின்னு யாரு சொன்னா? வாசம்னேன்."

"இருபத்திரண்டு வருசம் ஆச்சு. இப்பதான் வாசம் தெரியுதாக்கும் ஐயாவுக்கு" என்று அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதை ஒரு தகவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தொல்லை வயிற்றைக் கிழித்த வாரத்தில் தொடங்கியது. ஈரலைப் பறிகொடுத்த எலிகள் இரண்டு நாள் மூலையில் சுருண்டு கிடந்தன. பிறகு வெள்ளை எழுந்து தின்றது, மஞ்சள் தின்றது, நீலமும் தின்றது. பச்சை மட்டும் தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. காலால் மாவை வாரி இறைத்தது. தையல் போட்ட வயிறு உள்ளே ஒட்டி, முதுகெலும்பு துருத்தி, பதினைந்தும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தின்னவில்லை என்றால் தின்னவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. எழுதினார். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, தட்டுல கோலம் போடறீங்க?"

"பச்சைக்காரங்க சாப்பிட மாட்டேங்கறாங்க. அந்த வாசம் பிடிக்கலை. வயித்தை வேற அறுத்துப் போட்டிருக்கு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

"இதுக்கா இவ்வளவு? எங்க கொட்டகையில தூள் தூக்கலாப் போன உருளைக்கு என்ன பண்ணுவோம்? வெறும் சீவலைக் கலந்து சுத்திடுவோம். வாசம் அடங்கிடும். நீங்களும் ரெண்டு கை வெறும் தீனியைக் கலந்து போடுங்க. வாயில்லா ஜீவன், பசிச்சா திங்காதா?"

பச்சைத் தட்டில் வெள்ளை மூடி மாவு இரண்டு கை விழுந்தது அப்படித்தான். மறுநாள் பதினைந்தும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து தின்றன. ஒன்று முன்னங்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பெற்ற பிள்ளை சாப்பிட்டு முடித்தால் தகப்பனுக்கு வருமே, அந்தக் குளிர்ச்சி. இவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

வைத்த எடை, மிச்ச எடை, தின்ற எடை என்று ஒழுங்காக எழுதினார். தராசு பொய் சொல்லவில்லை. தட்டில் இருந்ததுதான் பொய். "பச்சைக்கு வாசம் பழகிடுச்சு போல, எடை ஏறுதே" என்று டாக்டரம்மா குறிப்பேட்டைப் புரட்டினார். "ஆமாங்க, பழகிடுச்சு" என்றார் இவர். இரண்டு கை மூன்று கை ஆனது. மூன்று வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் கொட்டகையிலிருந்து போன சரக்கு எட்டு மூட்டை திரும்பி வந்தது. இரட்டைத் தூள். வாயில் வைக்க முடியவில்லை என்று கடைக்காரர்கள் தலையில் கட்டாத குறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் ஒரு சீவலைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"என்னம்மா இது? சரின்னு சொல்லித்தானே அனுப்பினே?"

அவள் ஒன்றை எடுத்து மென்றாள். இன்னொன்று எடுத்தாள். கண்ணில் பயம் வந்தது. "அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியலைண்ணே. மண்ணைத் தின்ன மாதிரி இருக்கு. நாலஞ்சு நாளாவே எல்லாம் சப்புனு இருக்கு."

பிறகு விசாரித்தால் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், உடம்பில் அரிப்பு, மத்தியானமே படுக்கத் தோன்றுகிற அசதி. எல்லாவற்றையும் மூன்று மாதமாக மூட்டை கட்டி உள்ளே வைத்திருந்தாள். படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் கறுப்புப் படத்தை விளக்கில் ஒட்டி, பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார். ஈரலில் எலுமிச்சை அளவு ஒரு வட்டம்.

"சின்ன வயசுல மஞ்சள்காமாலை வந்திருக்கா?"

"கல்யாணம் ஆன வருசம் வந்துது" என்றாள். "ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தேன். சரியாயிடுச்சு."

"சரியான மாதிரி இருந்திருக்கும். சிலருக்கு உள்ளேயே தங்கிடும்" என்றார் டாக்டர்.

எலிவீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். விதை. அவர் காதில் டாக்டரம்மாவின் குரல்தான் கேட்டது. விதை விழுந்து இருபத்திரண்டு வருடம். அதற்கு மேல் பதினொரு வருடமாக நாளைக்கு ஐம்பது, அறுபது சீவல்.

மறுநாள் காலை பச்சை மூடியைத் திறந்தார். முகமூடியைக் கழற்றினார். இப்போது சிரிப்பு வரவில்லை. தலையணையில் முகம் புதைத்த மாதிரி டப்பாவின் மேல் குனிந்து நின்றார். பிறகு வெள்ளை மாவு கலக்காமல், பச்சையை மட்டும் அளந்து வைத்தார். எலிகள் முகர்ந்தன. அவரைப் பார்த்தன. "தின்னுங்கடா" என்றார். "தின்னு சொல்லுங்கடா."

டாக்டரம்மாவிடம் போய் நின்றார். மனைவிக்கு வந்திருப்பதைச் சொன்னார். கலந்ததை மட்டும் சொல்லவில்லை.

"பச்சையில இருக்கிறது அந்தப் புகைவாசத் தூள்தானேம்மா?"

"நான் சொல்லக் கூடாதுண்ணே."

"சொல்ல வேண்டாம். மூக்கு சொல்லிடுச்சு. அது உரமா?"

"அது தெரியத்தானே இவ்வளவும்? இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"உரம்னு தெரிஞ்சா என் வீட்டுக்காரிக்கு வந்தது அதாலதானா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, எலிக்கு நாம கொடுக்கறது கொஞ்சநஞ்சமில்ல. மனுசங்க அவ்வளவு திங்க மாட்டாங்க. எலி ஈரல் வேற, மனுச ஈரல் வேற. உரம்னு வந்தாலும் அவங்களுக்கு அதாலதான்னு சொல்ல முடியாது. உரமில்லைன்னு வந்தாலும் அதால இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்கும்மா இது?"

"இதுலேருந்து ஆரம்பிக்கலாம். அவ்வளவுதான்."

ஆரம்பிக்கலாமாம். எட்டு மூட்டை கேட்டு வந்தவனுக்கு ஒரு சீவலைக் காட்டி அனுப்புகிற பேச்சு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் பேரம் இல்லை என்பதையும் அவர் பார்த்தார். இருப்பதே அந்த ஒரு சீவல்தான்.

பச்சை டப்பாவில் இருப்பது கொட்டகைத் தூள்தான் என்பதை அன்றிரவு வீட்டில் சொன்னார். மறுநாளிலிருந்து மச்சான் தினமும் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மனைவியின் அண்ணன், கொட்டகை முதலாளி. வாழ்க்கையில் சொன்ன விலைக்கு ஒரு பொருள் வாங்கியதில்லை. தன் பல்லைப் பிடுங்க வந்த வைத்தியரிடமே "ரெண்டு பல்லா எடுத்தா எப்படிக் குறைப்பீங்க?" என்று கேட்டவர். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார்:

"மாப்பிள்ளை, பச்சை எப்படி இருக்கு?"

"இருக்கு மச்சான்."

"புள்ளி கிள்ளி தெரியுதா?"

"அது வெட்டி, சாயம் போட்டு, பெருசாக்கிக் காட்டுற கண்ணாடியில பார்த்தாத்தான் தெரியும்."

"இல்ல, ஒரு புள்ளி ரெண்டு புள்ளி கூட இருந்தா விட்டுத்தள்ள மாட்டாங்களா? எல்லாச் சரக்குலயும் நூத்துக்கு ரெண்டு சொத்தை இருக்கத்தானே செய்யும்? டாக்டரம்மா நல்ல மாதிரின்னு சொல்றீங்களே. நான் வேணா வந்து பேசட்டுமா?"

"எலிகிட்ட வேணா பேசுங்க."

"விலை படியும்னா எலிகிட்டயும் பேசுவேன்" என்றவர், தங்கை தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் குரலை இறக்கினார். "மாப்பிள்ளை, அவளை அந்த உருளைக்குப் பக்கத்துல உட்கார வெச்சது நான். வேற ஆளைப் போடுங்கன்னு அவளே ஒரு தடவை சொன்னா. உன் நாக்கு மாதிரி வருமான்னு நான்தான் விடலை. அந்த எலிங்க நல்லபடியா இருக்கணும் மாப்பிள்ளை. இல்லைன்னா நான் எந்த மூஞ்சியோட அவ எதிர்ல உட்காருவேன்?"

அவர் சட்டையிலும் அந்த வாசம்தான்.

எட்டாவது வாரம் வந்தது. அறுபது எலிகளையும் ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். கையில் பழகியவை என்பதால் ஒன்றும் கடிக்கவில்லை. ஈரல்கள் தட்டுகளில் வரிசையாக வந்தன. வெட்டியதன் தடமே தெரியாமல் வளர்ந்து, வழவழவென்று இருந்தன. மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். சீவுகிற இயந்திரத்தின் சத்தம்கூட அவருக்குக் கொட்டகையை நினைவூட்டியது. சாயம் போட்டால் கெட்ட முளை இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகும். டாக்டரம்மா நான்கு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து எண்ணினார்.

ஐந்தாம் நாள் மாலை அவரைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு தெளிச்சல். "எழுத்துல வர்றதுக்கு முன்னால சொல்லக் கூடாது. ஆனா உங்க மனசு கிடந்து அடிச்சுக்குது. நீலம் ரெண்டு மடங்கு. மஞ்சள் கொஞ்சம் கூட. பச்சை வெள்ளை மாதிரியே இருக்கு. அது உரமில்லண்ணே."

அவர் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டோம் என்று வெளியே வந்துதான் யோசித்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காத்திருந்த இரண்டு முகங்கள் அப்படி. கேட்டவுடன் மச்சான் சுவரில் சாய்ந்து, தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கும்போதுகூட அழுகிற மாதிரி நடிக்கத் தெரியாத மனிதர்.

"என்ன அண்ணே இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள் தங்கை. அவள் முகம் மஞ்சள் படிந்திருந்தது, ஆனாலும் வெளிச்சமாக இருந்தது. "அப்பாடா. நான்கூட என் வாயாலேயே வரவழைச்சுக்கிட்டேனோன்னு நினைச்சுப் படுத்திருந்தேன். உடம்பு தேறினதும் வந்துடறேன்ண்ணே. நாக்கு திரும்பிடுச்சுன்னா பழைய இடத்துலயே உட்கார்ந்துக்கறேன். நீங்க வெச்சிருக்கிற ஆளு தூக்கலையே சரின்னு சொல்றானாமே."

எலிவீட்டுக்காரர் கைகழுவப் போகிறவர் மாதிரி எழுந்து பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு நின்றார். இரண்டு கை. மூன்று கை. மூன்று வாரம்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

"எந்தத் தேதியிலேருந்து?"

சொன்னார்.

"தினமுமா?"

"தினமும்."

"எவ்வளவு?"

"கை அளவும்மா. எடை போடலை. அப்ப அது எனக்குச் சோதனையா தெரியலை. சாப்பாடா தெரிஞ்சுது."

டாக்டரம்மா குறிப்பேட்டைப் பிரித்து, பச்சை என்று எழுதியிருந்த பக்கங்களில் ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடு இழுத்தார். பதினாறு பக்கம்.

"நான் எழுதித்தாண்ணே ஆகணும். உங்களை இனிமே தீனிப் பக்கம் விட மாட்டாங்க. கூண்டு கழுவுற இடத்துக்கு மாத்துவாங்க."

"சரிம்மா. பச்சை?"

"பச்சைக்கு முடிவில்லை. மறுபடி முதல்லேருந்து பண்ணணும். புது எலி வரணும், அனுமதி வரணும். நாலு மாசம், அஞ்சு மாசம் ஆகும்."

"அவளுக்கு வர்ற செவ்வாய்க்கிழமை ஆபரேசன்."

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. குறிப்பேட்டை மூடி வைத்தார்.

வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவற்றைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பச்சையோட முடிவு செல்லாது."

"ஏன்?"

"நான் கலந்துட்டேன். வெறும் தீனியை. எவ்வளவு தூள் உள்ளே போச்சுன்னே யாருக்கும் தெரியாது. உரமா இல்லையான்னும் தெரியாது. நீ அந்த உருளைக்குப் பக்கத்துல போகக் கூடாது."

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். "நான்தானே கலக்கச் சொன்னேன்" என்றாள்.

"நீ எலி பசியில கிடக்குதேன்னு சொன்னே."

"பசியில கிடக்கறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பிறகு, என்ன தோன்றியதோ, மெல்லச் சிரித்தாள். "நல்லா சாப்பிட்டுதுங்களா?"

"மீசையைத் துடைச்சுக்கிட்டுச் சாப்பிட்டுது."

"போதும் போங்க. அண்ணன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. பாவம், நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கியிருப்பார். நான் கொட்டகைக்குப் போகலைன்னா நாக்கு திரும்பலைன்னு சொல்லிக்கறேன். நாக்கு என்னோடது. யாரு வந்து சோதிக்கப்போறா?"

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே ஓயாத மழை. தாதி வந்து அவளை எடை பார்க்கும் மேடையில் நிற்க வைத்தாள். அவர் தாதியை முந்திக்கொண்டு முள்ளைப் படித்துவிட்டார். போன திங்கள் வீட்டில் இருந்ததைவிட இரண்டு கிலோ குறைவு. மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டினார்கள். அந்தப் பட்டையை அவர் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு அறுவை டாக்டர் வந்தார். இளவயசு, உற்சாகமான ஆள். காகிதத்தில் ஈரலை வரைந்து காட்டினார்.

"கட்டி இந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கத்தை முழுசா எடுத்துடறோம். பாதிக்கு மேல போயிடும். பயப்படாதீங்க, உடம்புலயே வெட்டினா வளர்ற ஒரே உறுப்பு இதுதான். கொஞ்ச வாரத்துல நல்லா வளர்ந்துடும்."

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "கேட்டியாம்மா? வெட்ட வெட்ட வளருதாம்! இப்படி ஒரு கிழங்கு கிடைச்சா நான் கடைவீதியையே விலைக்கு வாங்கிடுவேன். டாக்டர், வெட்டறது வெட்டறீங்க, கொஞ்சம் தாராளமாவே வெட்டிடுங்க. சொத்தை மிச்சம் இருக்கக் கூடாது."

"இவர் எப்பவும் கொசுறு கேட்பார் டாக்டர்" என்றாள் அவள். டாக்டர் சிரித்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தாள்.

எலிவீட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ற அவசரத்துல நல்லதும் வளரும், கெட்டதும் வளரும். கேட்கலாம். டாக்டர் எதிரில்தான் நிற்கிறார். 'மிச்சம் இருக்கிற பக்கத்துல விதை இருக்கா?' கேட்டால் அந்த மனிதர் என்ன சொல்வார்? வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது படத்திலேயே இருக்கிறது. வாயைத் திறந்தார். "வெறும் வயித்துல இருக்கணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் வேண்டாம்."

மச்சான் கொட்டகையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மழை விடவில்லை. கூடத்தில் நாலு மணிக்கே விளக்கைப் போட்டார்கள். அவர் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். அவள் நாலு வாய் குடித்தாள்.

"ஏங்க, உங்க எலிக்கும் இப்படித்தானே வெட்டுவாங்க?"

"ஆமா."

"வளர்ந்துதா?"

"வளர்ந்துது. வெட்டின தடமே தெரியலை. என் கண்ணால பார்த்தேன்."

"எல்லாத்துக்குமா?"

"அறுபதுக்கும்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் ஒரு வாய் குடித்தாள். "அப்புறம்?"

அப்புறம். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ எலிகளை அவர் கையில் எடுத்திருக்கிறார். ஈரல் வெட்டின எலியை எட்டாவது வாரத்துக்கு அப்புறம் அவர் பார்த்ததே இல்லை. ஒன்றைக்கூட. வளர்ந்த ஈரலோடு ஒன்பதாவது வாரத்தில் ஒரு எலி என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

"அப்புறம் நல்லா தீனி எடுக்கும்" என்றார்.

"வெறும் தீனிதானே?"

"வெள்ளை மூடிதான்."

"அதுதான் நல்லது" என்று அவள் தலையணையில் சாய்ந்தாள். புதுத் தலையணை. மருந்து வாசம் மட்டும் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே, "போதும், வயிறு நிறைஞ்சுடுச்சு" என்றாள்.

அவர் கிண்ணத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வைத்ததில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.